பிஆர் ஹில்ஸ்ல ஹோம்ஸ்டே: 11 மாச அக்ரிமென்ட் போதுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை பாக்குறேன். கர்நாடகாவுல இருக்குற பிஆர் ஹில்ஸ்ல ஒரு சோலிகர் பழங்குடிக் குடும்பத்தோட நிலத்தை எடுத்து டென்ட், காட்டேஜ் போடலாம்னு பிளான். 11 மாச அக்ரிமென்டும் ஒரு ஜிபிஏவும் (பொது அதிகாரப் பத்திரம்) போதும்ங்குறார் புரோக்கர். 2 லட்சம் அட்வான்ஸ் அவர் அக்கவுண்ட்ல போட்டாச்சு. சிக்கல் வருமா?

பதில்: வரும் சார், மேல ஒரு ரூபா போடாதீங்க. 11 மாசம்ங்குறது நம்ம வாடகை வீட்டுக்கு ரிஜிஸ்டர் செலவைத் தவிர்க்கப் போடுற வழி, அது இங்க செல்லாது.

முதல்ல அந்தக் குடும்பத்து கையில இருக்குற ஹக்குபத்திரத்தை (நில உரிமைப் பத்திரம்) வாங்கிப் படிங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல குடுத்ததா இருந்தா, வாரிசுக்குப் போகும், ஆனா யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாதுன்னு அந்தப் பேப்பர்லயே அச்சடிச்சிருப்பாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கும், அதனால புருஷன் மட்டும் போடுற கையெழுத்தை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? அது இல்லாம சர்க்கார் கிராண்ட் பண்ண நிலம்னா 1978 பிடிசிஎல் சட்டம் (எஸ்சி, எஸ்டிக்கு சர்க்கார் குடுத்த நிலத்தை மாத்திக் குடுக்கத் தடை போடுற கர்நாடகச் சட்டம்) வந்துடும். அதுல லீஸும் டிரான்ஸ்ஃபர் கணக்குதான், சர்க்கார் முன் அனுமதி இல்லன்னா செல்லாது, நிலத்தைத் திரும்பப் பிடுங்கிடலாம். இதுக்குக் கால வரம்பே இல்லன்னு 2023ல திருத்தமும் வந்தாச்சு (தாமதத்தைக் காட்டி கோர்ட்ல வாதம் ஓடுறது வேற கதை). போதாததுக்கு அது புலிகள் காப்பகம், காட்டேஜுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்பவே ஃபாரஸ்ட்காரங்க வந்து நிப்பாங்க.

தொழில் பண்ணணும்னா அவங்க வீட்டுலயே அவங்க பேர்லயே ஹோம்ஸ்டே நடத்தட்டும், அதுக்கான அனுமதியை அவங்க வாங்கட்டும், நீங்க புக்கிங், வண்டி, விளம்பரம் பாத்துட்டு கமிஷன் வாங்குங்க, அதுக்கு சர்வீஸ் அக்ரிமென்ட் போட்டுக்கலாம். ஆனா சாவி உங்க கையில, அவங்களுக்கு மாசச் சம்பளம்னு ஓட்டுனீங்கன்னா பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் அது லீஸ்தான், கோர்ட் அப்படித்தான் பாக்கும். தேன், நெல்லிக்காய் விக்குறது அவங்களோட உரிமை, 2011லயே சோலிகர்களுக்கு அங்க சமுதாய வன உரிமை கிடைச்சாச்சு, அதுல நீங்க பங்கு கேக்காதீங்க. கெஸ்ட்டை ‘போடு’க்குள்ள (சோலிகர் குடியிருப்பு) கூட்டிட்டுப் போகணும்னா கிராம சபையில பேசி தீர்மானமா எழுதி வாங்கிக்கோங்க, பெரியவர் ஒருத்தர் தலையாட்டுனது போதாது.

அட்வான்ஸுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. முதல்ல புரோக்கருக்கு வக்கீல் நோட்டீஸ் விடுங்க, பணத்தை வாங்குனது அவர்தான், அந்தக் குடும்பத்து மேல பாயாதீங்க.