ஆற்ற வேண்டியது வெந்நீரை

கேள்வி: ஓசூரில் பணிபுரியும் என் மகன், அவனுடைய தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானியர் கொடுத்ததாகச் 'செஞ்சா' என்னும் பச்சைத் தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தான். டீத்தூளைப் போலவே கொதிக்கவிட்டு வடிகட்டினேன், வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. இலை பழையதா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இலையின்மேல் பழி இல்லை. நம் டீத்தூள், பறித்த இலையைக் கசக்கிக் காற்றில் கறுக்கவிட்டு உலர்த்தியது. பாலும் சர்க்கரையும் சேர்வதால் கொதியின் கடுமை நமக்குத் தெரிவதில்லை. செஞ்சாவோ, கறுக்கும் முன்பே நீராவியில் அவித்து, உருட்டி உலர்த்தப்படுவது. 1738இல் ஜப்பானின் ஊஜி வட்டாரத்து நகதானி சோயென் வகுத்த முறை என்பார்கள். துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் நீரின் சூடு ஏற ஏற மிகுதியாக இறங்குகின்றன. இன்சுவை தரும் தியானைன் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடுகிறது. எனவே 70 முதல் 80 டிகிரி வரை உள்ள நீரே போதும்.

வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரைப் பாத்திரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும் என்பது ஜப்பானிய வீடுகளின் கணக்கு. டம்ளருக்கு டம்ளர் ஆற்றிப் பழகிய கைக்கு இது புதிதன்று; ஆனால் இங்கே ஆற்ற வேண்டியது தேநீரை அன்று, இலையில் ஊற்றுவதற்கு முன்பே வெந்நீரை. இருவருக்கு 4 கிராம் இலை, 200 மில்லி நீர், ஒரு நிமிடம். இடையில் கிளற வேண்டாம். பிறகு இரு கோப்பைகளிலும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். நீர் தேங்கினால் அதே இலையில் போடும் இரண்டாம் தேநீர் கசந்துவிடும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் பச்சைத் தேநீர் நிறம் மங்கி, மேலே ஏடு படிகிறதே?
- வாசகர், தருமபுரி

பதில்: அது நீரின் கடினத்தன்மை, ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். தவிர, உங்கள் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அது கொதிக்கவைத்தாலும் போகாது. ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதையே எடுங்கள் (அத்திட்டத்துக்குக் கடன் தந்ததும் ஜப்பான்தான்!), வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். வெந்நீர் ஆற்றப் பொறுமை இல்லாதவர்கள் வீட்டில் இருந்தால், வறுத்த இலையான ஹோஜிச்சாவை வாங்குங்கள். அதில் கொதிநீரையே ஊற்றி அரை நிமிடத்தில் வடிக்கலாம்.