நிரல் கேள்வி பதில்: ட்ரிம் போட்டும் பெயர் பொருந்தவில்லையே?

கேள்வி: இரண்டு பட்டியல்களில் உள்ள பெயர்களை ஒப்பிடுகிறேன். ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ட்ரிம் போட்ட பிறகும், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற 'கொற்றவை' சமமில்லை என்றே வருகிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில், ட்ரிம் தந்த விடையை ஒரு மாறியில் வாங்கி வைத்தீர்களா என்று பாருங்கள். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலுமே ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது, இந்த மெத்தட்கள் எல்லாம் புதிதாக ஒன்றைத்தான் கொடுக்கும், வாங்காமல் விட்டால் பழையதே கையில் இருக்கும். அது சரியாக இருந்தால் என் சந்தேகம் 'கொ' மேல்தான். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுக்குப் பிறகு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது கொம்பு தனியாக, கால் தனியாக. திரையில் துளிகூட வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றில் இரண்டு குறிகள், மற்றதில் மூன்று. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் மூலம் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தமிழைத் தொடும் எந்த நிரலிலும் இதைச் செய்யாமல் தேடலோ ஒப்பீடோ எழுதாதீர்கள் என்றே சொல்வேன்.

அப்படியும் பொருந்தவில்லையா? எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பெயராக இருந்தால், அகலமே இல்லாத இடைவெளிக் குறி ஒன்று கூடவே வந்திருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் அதை நீக்காது, பைத்தானின் ஸ்ட்ரிப்பும் நீக்காது. ரீப்ளேஸ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் தேடுவதை வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் ரீப்ளேஸ் முதலில் வருவதை மட்டும் மாற்றும், எல்லாவற்றையும் மாற்ற 2021இல் தரத்தில் சேர்ந்த ரீப்ளேஸ்ஆல் இருக்கிறது.

கேள்வி: பைத்தானில் 'மரம்.படம்' என்ற கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள '.படம்' போக ஆர்ஸ்ட்ரிப் எழுதினேன். 'மர' என்று மட்டும் மிஞ்சுகிறது!

பதில்: ஆர்ஸ்ட்ரிப்புக்கு நீங்கள் கொடுப்பது ஒரு சொல் அல்ல, குறிகளின் கூட்டம். புள்ளி, ப, ட, ம, மெய்ப்புள்ளி, இவற்றில் எது வலது ஓரத்தில் நின்றாலும் அது எடுத்துக்கொண்டே வரும். அதனால்தான் 'மரம்' என்பதன் 'ம்' கூடப் போய், கூட்டத்தில் இல்லாத 'ர' வந்த இடத்தில் நின்றுவிட்டது. உங்களுக்கு வேண்டியது பைத்தான் 3.9இல் வந்த ரிமூவ்சஃபிக்ஸ். அது முழுச் சொல்லாகப் பார்க்கும், கடைசியில் அது இல்லையென்றால் எதையும் தொடாது.

கேள்வி: 'தமிழ்' என்பதன் நீளம் 5 என்று வருவது பிழையா?

பதில்: பிழை இல்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்தாக எண்ணுகின்றன. கோ மொழியின் லென் பைட்டுகளை எண்ணுவதால் 15 என்று சொல்லும். ஸ்விஃப்டின் கவுன்ட் நாம் எண்ணுவதுபோலவே 3 தரும். பெயருக்கு எழுத்து வரம்பு வைக்கும் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறீர்கள் என்றால் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்டரால் (Intl.Segmenter) பிரித்து எண்ணுங்கள், 3 வரும். 'க்ஷ'வை மட்டும் அது இரண்டாகத்தான் எண்ணும், வரம்பு வைக்கும்போது அதற்கும் இடம் விடுங்கள்.