இடிபாடுகளில் எதைப் பார்ப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் துருக்கி சென்றிருந்தோம். அந்தாலியாவிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிடே ஆகிய மூன்று பழைய நகரங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். பெர்கேயில் வியப்பாக இருந்தது. ஆஸ்பெண்டோஸ் அரங்கில் வழிகாட்டி நடுவில் நின்று கைதட்டி, அந்த ஓசை மேல்வரிசை வரை கேட்பதைக் காட்டினார். ஆனால் மாலையில் சிடே போய்ச் சேர்ந்தபோது, உடைந்த தூண்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ‘இதில் என்னதான் பார்க்க வேண்டும்?’ என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வரலாற்றை முறையாகப் படிக்காதவர்கள் இத்தகைய இடங்களுக்குப் போவதில் பொருள் உண்டா?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. எல்லாவற்றையும் பார்த்துவிட முயலும்போதுதான் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. இடிபாடுகளுக்குள் நுழையும்போது ஏதேனும் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, அது போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். அந்தக் கடற்கரை நகரங்களுக்கு நான் பரிந்துரைப்பது தண்ணீரை. அதற்கு வரலாற்றுப் பட்டம் எதுவும் தேவையில்லை.

பெர்கேயின் பெருந்தெருவில் நடந்திருப்பீர்கள். அதன் நட்டநடுவே சுமார் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய் செல்கிறது. இன்று வறண்டு கிடப்பதால் அதைச் சாக்கடை என்று எண்ணிக் கடந்துவிடுபவர்கள் பலர். தெருவின் வடகோடியில், குன்றின் அடிவாரத்தில், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நீரூற்று மாளிகை ஒன்று நிற்கிறது. அங்கே சாய்ந்து படுத்திருக்கும் ஆற்றுத்தெய்வம் கெஸ்ட்ரோஸின் சிலைக்குக் கீழிருந்து கொட்டிய நீர்தான் இந்தக் கால்வாயில் இறங்கி நகரின் நடுவே ஓடியது. கால்வாய்க்குள் குனிந்து பார்த்தால் ஆங்காங்கே குறுக்கே வைத்த தடுப்புக் கற்கள் தெரியும். நீர் ஒவ்வொரு தடுப்பிலும் தேங்கி, நிரம்பி, வழிந்து அடுத்ததற்குப் போயிருக்கிறது. கோடை வெயில் கொளுத்தும் அந்தச் சமவெளியில், இருபுறமும் தூண்வரிசை நிழலில் கடைகளும், நடுவில் விழுந்து ஓடும் நீரின் ஓசையுமாக அத்தெரு இருந்ததை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக் கற்பாளங்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் இன்னும் இருக்கின்றன.

தண்ணீரை விட்டு விலகி, உங்கள் மகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெர்கேயின் தெற்கு வாயில் முற்றத்தைக் கி.பி. 120 வாக்கில் புதுப்பித்துச் சிலைகளால் நிரப்பியவர் பிளான்கியா மாக்னா என்ற பெண்மணி. அவருடைய தந்தை ரோமானிய செனட் சபை உறுப்பினர். ஆனாலும் முற்றத்தில் அவருக்கு வைத்த சிலையின் பீடத்தில், அவர் பிளான்கியா மாக்னாவின் தந்தை என்றே பொறித்திருக்கிறார்கள்.

ஆஸ்பெண்டோஸை எண்ணினால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸின் ஆட்சிக்காலத்தில் (161–180) ஸெனோன் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பிய அந்த அரங்கு மகத்தானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட துருக்கிய அரசமரபினரான செல்ஜுக்குகள் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தியதும் அது இவ்வளவு முழுமையாக நிற்பதற்கு ஒரு காரணம். ஆயினும் அந்நகரின் தலையாய சாதனை அரங்கு அல்ல என்பதே என் எண்ணம். பெரும்பாலான ஒருநாள் சுற்றுலாக்கள் அரங்கோடு திரும்பிவிடுகின்றன. அரங்கின் பின்னாலுள்ள குன்றில் ஏறி வடக்கே பார்த்தால், பள்ளத்தாக்கில் நீர்ப்பாலத்தின் வளைவுகளும் இரண்டு உயரமான கோபுரங்களும் தெரியும்.

மலையிலிருந்து வந்த நீர் பள்ளத்தாக்கைக் கடந்து குன்றின்மேல் இருந்த நகருக்கு ஏற வேண்டும். அவ்வளவு உயரத்துக்குப் பாலம் கட்டாமல், நீரைக் கற்குழாய்க்குள் அடைத்துக் கீழே இறக்கி, தன் அழுத்தத்தாலேயே அது மறுபுறம் ஏறும்படி செய்தார்கள். இந்த அமைப்பின் நீளம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர். குழாய் என்றால் உலோகக் குழாய் அல்ல. ஒவ்வொரு சுண்ணாம்புக்கல்லிலும் நடுவே வட்டத்துளை குடைந்து, ஒரு முகத்தில் விளிம்பும் மறுமுகத்தில் அதற்கேற்ற பள்ளமும் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திச் சாந்து பூசி அடைத்தார்கள். குழாய் திசை திரும்பும் இரண்டு இடங்களிலும் கோபுரம் எழுப்பி, நீரை உச்சியிலிருந்த திறந்த தொட்டிக்கு ஏற்றி மீண்டும் இறக்கினார்கள். அடைபட்ட காற்று வெளியேறவும், திருப்பத்தில் அழுத்தம் குழாயைப் பிளந்துவிடாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு உதவியிருக்க வேண்டும். நகருக்குத் தண்ணீர் கொண்டுவர டைபீரியஸ் கிளாடியஸ் இடாலிகஸ் என்பவர் 20 லட்சம் தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

சிடேயிலும் இதே கதைதான். மனவ்காட் ஆற்றிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுக்கு நீரைக் கொண்டுவந்து, நகர வாயிலுக்கு வெளியே பெரும் நீரூற்று கட்டினார்கள். வழிப்போக்கர் முதலில் கண்டது அதைத்தான். கடலோரத்து அப்பல்லோ கோயிலில் நீங்கள் படம் எடுத்திருக்கக்கூடிய ஐந்து தூண்களும் 1980-களில் மீண்டும் நிமிர்த்தப்பட்டவை. அழகான இடம்தான். ஆனால் பக்கத்திலேயே இருந்த துறைமுகத்தைப் பற்றிப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருப்பதையும் அங்கே நினைக்காமல் இருக்கக் கூடாது. கடற்கொள்ளையர்கள் பிடித்துவந்த மனிதர்களை அங்கே ஏலத்தில் விற்றார்கள். அவர்கள் அடிமைகள் அல்லர், சுதந்திரமான மனிதர்கள் என்று ஒப்புக்கொண்டே விற்றார்கள் என்கிறார் அவர்.

மறுபடியும் செல்ல வாய்த்தால் தனியாக ஒரு காரை அமர்த்திக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பெண்டோஸ் குன்றில் ஏறிவிடுங்கள். அங்கே மூன்று மணி நேரமாவது வேண்டும். தேவைப்பட்டால் பெர்கேயில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் ஆற்றின்மேல் செல்ஜுக்குகள் கட்டிய பழைய பாலத்தில் இறங்குங்கள். கைவிடப்பட்ட அந்த நீர்க்குழாயின் துளையிட்ட கற்கள் சிலவற்றை எடுத்துவந்து அந்தப் பாலத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எந்தெந்தக் கற்கள் என்று மகளையே தேடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்