கருக்கலைப்பு மாத்திரைக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: கோட்டையூரில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். வயது 27, கைக்குழந்தைக்குப் பதினோரு மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன மாதம் லீவில் வந்துபோனார். ஆணுறை பயன்படுத்தியும் கரு நின்றுவிட்டது. இப்போது ஏழு வாரம். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் மாத்திரை தருவோம் என்கிறார்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் என்கிறாள் சிநேகிதி. வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மெடிக்கலில் வாங்காதீர்கள், சகோதரி. கணவர் கையெழுத்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3(4) பிரிவு கேட்பது கர்ப்பிணியின் சம்மதத்தை மட்டுமே. 18 வயது நிரம்பாதவர், மனநோய் உள்ளவர் என்றால்தான் காப்பாளர் கையெழுத்து வரும். குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு டாக்டர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனை போடுவதை உச்ச நீதிமன்றம் 29.9.2022 தீர்ப்பில் கண்டித்திருக்கிறது.

குழப்பம் 'படிவம் சி' என்ற சம்மதப் படிவத்தில் தொடங்குகிறது. அதில் "இன்னாரின் மகள்/மனைவி" என்று ஓர் இடம் உண்டு. பெயர் எழுதத்தான் அந்த இடம், கையெழுத்துக்கு அல்ல. அப்பா பெயரையே எழுதலாம். கீழே கையெழுத்து உங்களுடையது ஒன்றுதான். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கிவருவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள்.

கருத்தடை தவறியது சட்டம் ஒப்புக்கொண்ட காரணம். 20 வாரம் வரை தகுதியுள்ள ஒரு டாக்டரின் கருத்தே போதும். ஆனால் மாத்திரைக்கு விதிகளில் உள்ள வரம்பு 9 வாரம், அதாவது 63 நாள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம்கூட முழுசாக இல்லாமல் இருக்கலாம். கிளினிக்கில் கொடுப்பதானால், அவசரத்துக்கு அனுப்ப அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையோடு தொடர்பு இருக்கும் சான்றிதழை அங்கே மாட்டியிருக்க வேண்டும்.

மெடிக்கலில் ஏன் கூடாது? அந்த அட்டையில் 200 மி.கி. மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றும், 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் நான்கும் இருக்கும். சீட்டில்லாமல் விற்பது குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை கலைக்காது. உதிரம் போவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள், குழாய் உள்ளே வெடிக்கும். ஸ்கேன், ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு மூன்றையும் பார்த்த பிறகே மாத்திரை. இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்னொன்று: டாக்டர் இல்லாமல் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவுக்குள் வருகிறார்.

ரகசியம் பற்றிப் பயம் வேண்டாம். உங்கள் விவரத்தை உங்கள் வீட்டுக்குச் சொன்னால், மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவின்படி டாக்டருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருத்துவக் காரணமின்றி, கணவருக்குத் தெரியாமல் கலைப்பது மனக்கொடுமையாகலாம் என்று 2007-இல் சமர் கோஷ் விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. இதனால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனாலும், அவரிடம் சொல்வதால் உங்களுக்கு ஆபத்து இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தெரிவித்து, அந்தச் செய்தியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.