பறவை பார்க்க 8×42, 10×42, 10×50: எந்த பைனாகுலர், எப்படிச் சோதித்து வாங்குவது?

கேள்வி இதுதான்: பறவை பார்க்க முதல் பைனாகுலர் வாங்க வேண்டும், 8×42, 10×42, 10×50 மூன்றில் எது என்று குழப்பம், மூக்குக் கண்ணாடி அணிபவர், 20 முதல் 30 மடங்கு ஜூம் உள்ளவையும் கிடைக்கின்றனவே, அவற்றை வாங்கினால் என்ன?

8×42 வாங்குங்கள். கண்ணாடி அணிவதால் ஐ ரிலீஃப் (கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே இருக்கக்கூடிய தூரம்) 17 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். காட்சிப் புலம் (வட்டத்துக்குள் தெரியும் அகலம்) 1000 மீட்டர் தொலைவில் 130 மீட்டருக்குக் குறைய வேண்டாம். ஜூம் வேண்டவே வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் பலரும் எத்தனை மடங்கு, முன் லென்ஸ் எவ்வளவு பெரியது என்று முன்பக்கத்தையே பார்த்து வாங்குகிறார்கள். ஒரு பைனாகுலர் உங்களுக்கு ஒத்துவருமா என்பது கண் வைக்கிற பக்கத்தில்தான் தெரியும்.

முதலில் எண்கள். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. 80 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் எக்சிட் பியூப்பில் கிடைக்கும். கண் பக்கம் வெளியேறும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 8×42க்கு 5.25 மி.மீ., 10×42க்கு 4.2, 10×50க்கு 5, 8×32க்கு 4, சட்டைப்பை அளவு 8×25க்கு 3 சொச்சம். நல்ல வெயிலில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. தான் திறந்திருக்கும், ஆகவே பகலில் பெரிய லென்ஸால் கூடுதல் வெளிச்சம் கிடைக்காது. அந்தியிலும் அடர்ந்த மர நிழலிலும் பாவை விரியும்போதுதான் வித்தியாசம் வரும். இளவயதில் 7 மி.மீ. வரை விரியும் பாவை, வயது ஏற ஏற அந்த அளவுக்கு விரிவதில்லை.

பெரிய எக்சிட் பியூப்பிலால் இன்னொரு நன்மை உண்டு, பறவை நோக்குபவருக்கு அதுதான் முக்கியம். பைனாகுலரை அவசரமாகத் தூக்கும்போது கண் சரியாக நடுவில் அமையாது. 5 மி.மீ. கற்றையில் கண் சற்று விலகினாலும் படம் நிற்கும். 3 மி.மீ. கற்றையில் சட்டென்று கறுப்பாகிவிடும்.

அடுத்தது கை நடுக்கம். 10 மடங்கு பைனாகுலர் பறவையை மட்டுமல்ல, கையின் அதிர்வையும் 10 மடங்காக்கும். கை ஆடும்போது கூடுதல் மடங்கால் கிடைக்க வேண்டிய நுணுக்கம் அந்த ஆட்டத்திலேயே தொலைந்துபோகும். சிலருக்கு 10 மடங்கு நன்றாகவே நிற்கும். ஆனால் முதல் பைனாகுலர் வாங்குபவருக்கு அது தமக்கு நிற்குமா என்று தெரிந்திருக்க வழியில்லை.

காட்சிப் புலம்தான் விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத, காட்டில் அதிகம் தேவைப்படுகிற எண். வட்டத்துக்குள் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதை டிகிரியிலோ 1000 மீட்டருக்கு இத்தனை மீட்டர் என்றோ கொடுப்பார்கள். ஒரு டிகிரி என்பது 17.5 மீட்டர். ஒரே நிறுவனத்தின் இரண்டு 8×42களை எடுத்துக்கொள்வோம். நிகான் மோனார்க் எம்5 8×42க்கு 6.4 டிகிரி, மோனார்க் எம்7 8×42க்கு 8.3 டிகிரி. கேட்கச் சிறிய வித்தியாசம். 20 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் முதலாவது சுமார் 2.2 மீட்டர் வட்டத்தைக் காட்டும், இரண்டாவது 2.9 மீட்டர் வட்டத்தைக் காட்டும். பரப்பில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. கிளைக்குக் கிளை தாவும் கதிர்க்குருவியை முதல் முயற்சியிலேயே வட்டத்துக்குள் பிடிப்பதும், இலைக் கூட்டத்தில் தேடிக் களைப்பதும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. எம்7இன் 10×42 கூட 6.9 டிகிரி காட்டும், அதாவது எம்5இன் 8×42ஐ விட அகலம். எனவே 'எட்டு என்றால் அகலம், பத்து என்றால் குறுகல்' என்ற பொது விதியை நம்பி நிற்காமல் ஒவ்வொரு மாடலின் எண்ணையும் பாருங்கள். ஆனால் எம்5க்கும் ஒரு பலம் இருக்கிறது: ஐ ரிலீஃப் 19.5 மி.மீ. எம்7 8×42க்கு 17.1. தடித்த கண்ணாடி அணிபவருக்கு அந்த 2 மி.மீ. பெரிய விஷயம்.

ஐ ரிலீஃப் என்பது முழு வட்டமும் தெரியும்படி கண் ஐபீஸிலிருந்து (கண் பக்கத்து லென்ஸ்) எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற தூரம். மூக்குக் கண்ணாடியே கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. முன்னால் நிற்கிறது. அதனால் 14, 15 என்று போட்டிருக்கும் பைனாகுலரில் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும், 8 டிகிரிக்குக் காசு கொடுத்து 6 டிகிரியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு சிக்கல்: அந்த எண் பெரும்பாலும் ஐபீஸ் லென்ஸின் மேற்பரப்பிலிருந்து அளந்தது. லென்ஸ் ரப்பர் விளிம்பைவிடச் சில மி.மீ. உள்ளே பதிந்திருந்தால் அந்த அளவு கைக்கு வராது. ஆகவே எண்ணைப் படித்ததோடு நிறுத்தாமல் கண்ணில் வைத்துப் பாருங்கள். ஐகப்பை (ஐபீஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) முழுக்கக் கீழே இறக்கி, கண்ணாடியோடு வெள்ளைச் சுவரை நோக்குங்கள். வட்டத்தைச் சுற்றிக் கூர்மையான கறுப்பு விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் தெரிந்தால் அந்தப் பைனாகுலர் உங்களுக்குப் பொருந்தும். விளிம்பைப் பார்க்கக் கண்ணாடியை அழுத்த வேண்டியிருந்தால் பொருந்தவில்லை. கண்ணாடி அணியாதவர்கள் ஐகப்பை மேலே திருப்பி வைக்க வேண்டும். அவரைக்கொட்டை வடிவில் கறுப்பு நிழல் வந்து வந்து போனால் கண் மிக அருகில் இருக்கிறது, இன்னும் ஒரு படி உயர்த்துங்கள்.

குழலுக்குள் இருந்து படத்தை நிமிர்த்திக் காட்டும் பிரிசம் விஷயத்துக்கு வருவோம். நேர்க்குழல் வடிவம் ரூஃப் பிரிசம், தோள் விரிந்த பழைய வடிவம் போரோ பிரிசம். இன்று பறவை நோக்குபவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ரூஃப். கச்சிதமானது, நீர் புகாமல் அடைப்பது எளிது. ஆனால் நன்றாகச் செய்யச் செலவு பிடிக்கும். ரூஃப் பிரிசத்தின் கூரை முனை ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கிறது. இரண்டு பாதி ஒளியின் அலைகளும் கட்டம் (ஃபேஸ்) தப்பிச் சேர்வதால் நுண்ணிய கோடுகள் மங்கும். இதைச் சரிசெய்யும் பூச்சுதான் ஃபேஸ் கோட்டிங். அதோடு, பரவலாகப் பயன்படும் ஷ்மிட்-பெக்கான் என்ற ரூஃப் வகையில் பிரிசத்தின் ஒரு முகத்துக்கு ஒளியைத் திருப்பும் பூச்சு தேவை. அலுமினியம் ஏறக்குறைய 90 சதவீதம்தான் திருப்பும், வெள்ளி 95க்கு மேல், டைஎலக்ட்ரிக் 99க்கு மேல். போரோவுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. அதனால் கையில் இருக்கும் தொகை மிகக் குறைவென்றால், ஃபேஸ் கோட்டிங் இல்லாத மலிவு ரூஃபை விட நல்ல போரோ 8×40 தெளிவாகக் காட்டும். பதிலுக்குப் பருமனையும், பல மாடல்களில் மழைக்கு ஆகாத உடலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லென்ஸ் பூச்சில் 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்ற மூன்று சொல்லும் இருக்க வேண்டும். வெறும் 'கோட்டட்' என்றால் சில பரப்புகளில் ஒற்றைப் பூச்சு மட்டும் இருக்கலாம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்பைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போகிற ஒளி வெளியே போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை, குழலுக்குள் சிதறிப் படத்தின் மேல் வெளிறிய திரை போட்டுவிடுகிறது. ஈ.டி. என்ற தனிவகை லென்ஸ் கண்ணாடி, வெளிச்சமான வானத்தின் முன் நிற்கும் கறுத்த பறவையைச் சுற்றி வரும் ஊதா, பச்சை ஓரத்தைக் குறைக்கும். பருந்து, கழுகு பார்ப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் 'ஈ.டி.' என்ற எழுத்து மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது.

நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்ததாக இருக்கட்டும். குளிர்ந்த அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு வரும்போது வெளிக் கண்ணாடியில் படியும் பனியைத் துடைக்கலாம், உள்ளே படிவதை ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கும் முன் கையில் கிடைத்தால் செய்ய வேண்டியவை. முதலில் கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கண் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். சிறுவர்களுக்கும் ஒடுக்கமான முகம் உள்ளவர்களுக்கும் சில மாடல்கள் போதிய அளவு மடங்காது, அப்படியென்றால் மற்ற எதையும் சோதிக்கத் தேவையில்லை. பிறகு டயாப்டர், அதாவது இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையம். 30, 40 மீட்டரில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடி, இரண்டு கண்ணும் திறந்தபடியே நடு வீலால் இடக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். கண்ணை இடுக்கக் கூடாது, இடுக்கினால் அளவு தப்பும். இனி இடது லென்ஸை மூடி, நடு வீலைத் தொடாமல் டயாப்டர் வளையத்தால் வலக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். (சில மாடல்களில் வளையம் இடப்பக்கம் இருக்கும், அப்போது முறையை மாற்றிச் செய்யுங்கள்.) வளையம் நின்ற கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பையில் உரசி அது நகர்ந்துவிட்டால், 'பைனாகுலர் கெட்டுவிட்டது' என்று தோன்றும் அளவுக்குப் படம் குழம்பும்.

அடுத்து, இரண்டு குழலும் ஒரே திசையை நோக்குகின்றனவா என்று பாருங்கள். தொலைவில் ஒரு கிடைமட்டக் கோட்டை, மின்கம்பியோ கூரை விளிம்போ, நோக்கியபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தள்ளுங்கள். இடது வட்டத்துக் கோடும் வலது வட்டத்துக் கோடும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அந்தப் பிரதியை வாங்காதீர்கள். மேல்கீழ் விலகலைக் கண் சகிக்காது. கொஞ்ச நேரம் மூளை இழுத்துப் பிடித்துச் சேர்க்கும், பிறகு தலைவலி. பழையதை வாங்கும்போது இந்தச் சோதனை கட்டாயம், கீழே விழுந்தவை அநேகமாக இங்கேதான் மாட்டும். கூடவே முன் லென்ஸ் வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒன்றிரண்டு தூசுத் துகள் பரவாயில்லை, சிலந்திவலைபோல் இழை இழையாகத் தெரிந்தால் அது பூஞ்சை.

ஃபோகஸ் வீலைக் கிட்டத்திலிருந்து தூரம்வரை உருட்டுங்கள். திசை மாற்றும்போது வீல் சுழன்றும் படம் நகராத 'செத்த இடம்' இருக்கக் கூடாது. மிகக் கிட்டத்தில் எவ்வளவு தூரத்தில் கூர்மையாகிறது என்றும் பாருங்கள். 2.5 மீட்டருக்குள் வந்தால் பட்டாம்பூச்சி, தும்பிக்கும் பயன்படும்.

இரண்டு மாடலை ஒப்பிடுவதென்றால் ஒரே இடத்திலிருந்து, ஒரே பொருளை, அடுத்தடுத்த நிமிடங்களில், முழங்கையை ஊன்றிப் பாருங்கள். கடைக்குள் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் வெளியே கொண்டுபோய் வானத்தின் முன் நிற்கும் மெல்லிய கிளையில் நிற ஓரத்தையும், வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் வெளிறுகிறதா என்பதையும் கவனியுங்கள் (சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்). அந்தி வெளிச்சத்தில் மரத்தடி நிழலைப் பார்த்தால் பூச்சின் தரம் தானாகத் தெரியும்.

10×42 யாருக்கு? ஏரி, கடற்கரை, சேற்றுப்பரப்பு, மலைமுகடு என்று திறந்த வெளியிலேயே அதிகம் பார்ப்பவர்களுக்கு. தூரத்தில் மேயும் உள்ளான்களின் கால் நிறத்தையும் அலகு வளைவையும் பிரித்தறிய எட்டுக்கு மேல் கூடும் அந்த இரண்டு மடங்கு கைகொடுக்கும். நடுப்பகலில் கானல் எழும்போது அதுவும் பயனில்லை, கொதிக்கும் காற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். 10×50 பொதுவாக 8×42ஐ விடக் கனமானது, நடந்து பறவை பார்ப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். எடை முக்கியம் என்றால் எதிர்ப்பக்கம் போங்கள்: பெரும்பாலும் பகலில் பார்ப்பவருக்கு 8×32 மிக நல்ல தேர்வு, ஐ ரிலீஃபை மட்டும் கூடுதல் கவனத்தோடு சோதியுங்கள்.

ஜூம் ஏன் கூடாது? 50 மி.மீ. லென்ஸில் 20 மடங்குக்குப் போனால் எக்சிட் பியூப்பில் 2.5 மி.மீ., 30க்குப் போனால் 1.7. படம் இருண்டு, வட்டம் சுருங்கி, கையில் நிற்கவே நிற்காது. இரண்டு குழலும் துளி வித்தியாசமின்றி ஒரே அளவு பெரிதாக்க வேண்டும், மலிவான பொறியமைப்பில் அது நடப்பதில்லை. செக்கச்சிவந்த 'ரூபி' லென்ஸையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பை அது திருப்பி அனுப்பிவிடுவதால் படம் பச்சை நீலமாகும், இறகின் நிறத்தை நம்ப முடியாது. ஃபோகஸ் வீலே இல்லாத 'ஃபோகஸ் ஃப்ரீ' வகை அருகிலுள்ள பறவைக்கு உதவாது.

வாங்கிய பின், கூடவே வரும் ஒல்லிக் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத் தோளில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். 700 கிராமைக் கழுத்தில் நாள் முழுக்கச் சுமப்பது சின்ன விஷயமல்ல. லென்ஸை ஒருபோதும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்கி, பிரஷால் தட்டி, பிறகே துணியில் லென்ஸ் திரவம் தொட்டுத் துடையுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் பூச்சில் கீறல் விழும், அதை நீக்க வழியில்லை. ஈரமான ஊர்களில் தோல் உறைக்குள் மூடி வைக்காமல், சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம்.