தங்கச்சியின் சம்பளத்தில் ஓடும் பொதுச்சேவை

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவன், வயது 32. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, குளத்தின் நீர்மட்டத்தையும் துருசு (மதகு) திறக்கும் நாளையும் குளம் நிரம்பி வான் பாயும் எச்சரிக்கையையும் கமக்காரரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதி, இலவசமாக நடத்தி வருகிறேன். 600 பேர் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடம் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை. சேர்வருக்கும் குறுஞ்செய்திக்கும் மாதம் 9,000 ரூபாய் போகிறது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சி அதைப் பார்த்துக்கொள்வதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் தனியே பராமரித்துக் களைத்துவிட்டேன். இப்போது பயிர்களுக்கான கிருமிநாசினி விற்கும் நிறுவனம் ஒன்று, கமக்காரரின் தொலைபேசி இலக்கங்களோடு சேர்த்து இதை விலைக்குக் கேட்கிறது. விற்பதா, மூடுவதா?

பதில்: தம்பி, உமது கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது நீர் கேட்ட கேள்வியல்ல. தங்கச்சி பார்த்துக்கொள்வதால் "அந்தக் கவலை இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர். யாருக்கு அந்தக் கவலை இல்லை? விடியமுன் எழும்பித் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை, வருடத்துக்கு 108,000 ரூபாயைத் தன் சம்பளத்திலிருந்து பிரித்துத் தருகிறாள். அவளுடைய வயதென்ன, அவளுக்கென்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா, இதற்குச் சம்மதமா என்று அவளை ஒருமுறையாவது கேட்டீரா என்பதைப் பற்றி உமது கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இப்படியான கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. வாசிகசாலை நடத்துபவர், சம்பளமின்றி முன்பள்ளி நடத்துபவர், ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி படிப்பிப்பவர் எனப் பலர் எழுதுகிறார்கள். எல்லோரும் தங்கள் களைப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதுவார்கள். எங்கோ ஓர் ஓரத்தில், காப்பை அடகு வைத்த மனைவியோ சீட்டுக் காசைக் கொடுத்த அக்காவோ ஒரு வரியில் வந்து மறைந்துபோவாள். அந்த வரியைத்தான் நான் தேடி வாசிக்கிறேன்.

600 கமக்காரரிடம் காசு கேட்க உமக்கு மனம் வரவில்லை. ஒரு தங்கச்சியிடம் வாங்க மட்டும் மனம் வந்தது. இதை நான் தியாகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரார் முன் கை நீட்டாத உமது மரியாதைக்கான விலையை வீட்டுக்குள் இருக்கும் பெண் கட்டுகிறாள். ஊருக்குச் செய்யும் கடமை வீட்டுக்குச் செய்யும் கடமையிலும் பெரிதென்று நம்புகிறவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை. குடும்பத்தில் ஒருத்தியை உருக்கிச் செய்யும் பொதுப்பணிக்கு ஊர் நன்றி சொல்லக்கூடும். ஆனால் அந்த நன்றி வந்து சேருவது உமக்கு, அவளுக்கல்ல.

நீர் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர். இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஆனால் அன்று கட்டியதோடு வேலை முடியவில்லை, அதன் கொள்ளளவு பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. சிறு குளங்களிலும் கட்டில் பற்றை வெட்டுவதும் வாய்க்காலில் மண் எடுப்பதும் போகத்துக்குப் போகம் வருகிற வேலை. அதை ஒரு வீட்டார் மட்டும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் எடுக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பங்குக்கு மண்வெட்டி பிடிக்க வேண்டும். மென்பொருளும் அப்படித்தான். எழுதி முடித்தது சிறிய வேலை, ஒவ்வொரு மாதமும் காப்பாற்றுவதே பெரிய வேலை.

உலகத்தின் பெரிய இடங்களிலும் இதே குறை இருந்தது. இணையத்தில் கடவுச்சொற்களையும் பணப் பரிமாற்றங்களையும் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற இலவச மென்பொருளில், ஹார்ட்பிளீட் எனப்பட்ட பெரிய ஓட்டை 2014 ஏப்ரலில் தெரியவந்தது. அதுவரை, உலகத்தின் பெரிய நிறுவனங்களெல்லாம் அதில் தங்கியிருந்தபோதும், அதற்கு வருடத்தில் கிடைத்த அன்பளிப்பு ஏறக்குறைய 2,000 டொலர் மட்டுமே. முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். ஓட்டை தெரிந்த பிறகுதான் அந்த நிறுவனங்கள் காசு தர முன்வந்தன.

உமது களைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-ஸெட் என்ற சிறிய மென்பொருளை ஒருவர் ஊதியமின்றிப் பல வருடங்களாகப் பராமரித்துச் சோர்ந்திருந்த வேளையில், உதவிக்கு வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, வெளியார் இரகசியமாக உள்ளே நுழையக்கூடிய கள்ளக்கதவு ஒன்றை அதற்குள் வைத்தார். 2024 மார்ச்சில், தன் கணினி அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்த ஒரு பொறியியலாளரால்தான் அது பிடிபட்டது. களைத்துப்போனவர், வருகிறவர் யாரென்று பாராமல் திறப்பைக் கொடுத்துவிடுகிறார். உம்மிடம் அந்த நிறுவனம் திறப்பை வெளிப்படையாகவே விலைக்குக் கேட்கிறது. விற்க வேண்டாம். கமக்காரர் தங்கள் இலக்கத்தைத் தந்தது தண்ணீர்ச் செய்திக்கு. அதைக் கிருமிநாசினி வியாபாரிக்குக் கொடுக்க உமக்கு உரிமையில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூடவும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற இடர் முகாமைத்துவ மென்பொருள், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் உதவியது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் பலர் அதில் கை வைக்க முடிந்தது. அதற்கென்று ஓர் அமைப்பும் உருவானது. நம்மவரின் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் காக்கும் "நூலகம்" என்ற இணைய நூலகம் 2005 இல் தொடங்கியது. அதுவும் பலருடைய உழைப்பிலும் அன்பளிப்பிலும்தான் நிற்கிறது.

உமது செலவை 600 ஆல் வகுத்தால், ஒருவருக்கு வருடத்துக்கு 180 ரூபாய். கடையில் பிளேன்ரீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கிற காசு. காலபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடக்கும்போது எழும்பி நின்று கேளும். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு கேளும். அந்தக் காசு அமைப்பின் கணக்கில் இருக்கட்டும், உமது கணக்கில் வேண்டாம். கடவுச்சொற்களை உம்மைத் தவிர இன்னும் இருவர் அறிந்திருக்க வேண்டும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் எழுதிக் கொடும். கூட்டம் மறுத்தால், குறுஞ்செய்தியை வான் எச்சரிக்கைக்கு மட்டும் குறைத்துக்கொள்ளும். தங்கச்சியிடம் திரும்பிப் போக வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, முதல் மாதத்திலிருந்து அவள் தந்த காசை மாதம் மாதமாக உமது கையால் எழுதும். கடைசியில் கூட்டுத்தொகையைப் போட்டு, எப்போது எவ்வளவு திருப்பித் தருவீர் என்பதையும் கீழே எழுதி, கூட்டத்துக்குப் போகுமுன் அவளிடம் காட்டும். எந்த மாதத்தை நீர் மறந்தீர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.