எல்லாம் 24 பிக்சல்தான், ஆனாலும் ஒட்டவில்லையே!

கேள்வி: எங்கள் செயலிக்காக நாங்கள் மூவர் சேர்ந்து 60 ஐகான்கள் வரைந்தோம். எல்லாமே 24-க்கு 24 பிக்சல் கட்டம், 2 பிக்சல் கோடு. வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எங்கே தவறினோம்?

பதில்: அளவுகோலுக்குச் சரியாக வரைந்திருக்கிறீர்கள், கண்ணுக்குச் சரியாக வரையவில்லை. 20 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 400. அதே 20 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 314. அருகருகே வைத்தால் சதுரம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், வட்டம் ஒடுங்கிப்போகும். சதுரத்தின் பக்கத்தை 18-ஆகக் குறைத்துப் பாருங்கள், பரப்பு 324. இரண்டும் கண்ணுக்கு ஒரே எடைக்கு வந்துவிடும். கூகுளின் ‘மெட்டீரியல் டிசைன்’ என்னும் வடிவமைப்பு வழிகாட்டியிலும் 24 கட்டத்துக்குள் வட்டம் 20, சதுரம் 18 என்றே கொடுத்திருக்கிறார்கள்.

வட்டத்துக்குள் இருக்கும் ‘இயக்கு’ முக்கோணத்தையும் இப்படியே பாருங்கள். அதை நட்டநடுவில் வைத்தால் இடப்பக்கம் சரிந்ததுபோல் தெரியும். முக்கோணத்தின் எடை அடிப்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அகலம் 9 பிக்சல் என்றால் எடை மையம் அடியிலிருந்து 3 பிக்சலில் விழும். ஆகவே முக்கோணத்தை வலப்பக்கம் ஒன்றரை பிக்சல் வரை நகர்த்த வேண்டும்.

அடுத்தது நெரிசல். பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த ஒரு குப்பைத்தொட்டியை இன்னும் மறக்கவில்லை. வெளி அகலம் 14, இருபுறக் கோடுகள் போக உள்ளே 10. அதில் 2 பிக்சல் தடிமனில் மூன்று செங்குத்துக் கோடுகள் போட்டேன். மிச்சம் 4 பிக்சல், அதை நான்கு இடைவெளிகள் பங்கிட வேண்டும். ஆளுக்கு 1 பிக்சல்! திரையில் பார்த்தபோது தொட்டி தெரியவில்லை, கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. ஒரு கோட்டை எடுத்தேன். மூன்று இடைவெளிகளுக்கும் 2 பிக்சல் வீதம் கிடைத்தது, தொட்டி மூச்சுவிட்டது. அன்றிலிருந்து கோடு எவ்வளவு தடிமனோ, இடைவெளியும் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். உங்கள் பல்சக்கரத்துக்கு எத்தனை பற்கள்? பன்னிரண்டு இருந்தால் எட்டாகக் குறையுங்கள்.

மூவர் வரைந்தது ஒருவர் கையெழுத்துபோல் தெரிய வேண்டும் என்றால் கோணங்களையும் முனைகளையும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷரின் குழு உருவாக்கிய விளையாட்டுச் சின்னங்களைத் தேடிப் பாருங்கள். தலை ஒரு வட்டம், கை கால்கள் ஒரே தடிமன், கோடுகள் 45, 90 பாகைகளை ஒட்டியே திரும்புகின்றன. இவ்வளவு சிறிய இலக்கணத்தில் நீச்சலும் குத்துச்சண்டையும் ஒரே குடும்பமாகிவிட்டன. நீங்கள் 60-ஐயும் ஒரே மூச்சில் திருத்தப் போக வேண்டாம். பல்சக்கரம், மணி, தொட்டி, பூதக்கண்ணாடி, வீடு, கடித உறை ஆகிய ஆறை மட்டும் ஒரே தாளில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது கறுத்து முன்னே வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். விதிகள் அந்த ஆறிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: இதே ஐகான்களைச் சுருக்கி 20 பிக்சலில் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 2 பிக்சல் கோடு 1.67 ஆகிவிடும். சாதாரணத் திரையில் விளிம்பு மங்கும். அதிகம் தேவைப்படும் சிலவற்றையாவது 20-க்கென்று தனியாக வரையுங்கள்.

கேள்வி: பழைய கணினிகளில் கோப்புகளைச் சேமித்த ஃபிளாப்பி வட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு ‘சேமி’ என்பதற்கு இன்னும் ஃபிளாப்பி படம் எதற்கு?

பதில்: இருக்கட்டும் என்பதே என் கருத்து. ஆப்பிளின் 1984 மேக்கின்டாஷ் கணினிக்காக வடிவமைப்பாளர் சூசன் கேர் தேர்ந்தெடுத்த கமாண்ட் விசைக் குறி (⌘), சுவீடனில் பார்க்கத் தகுந்த இடங்களைச் சுட்டும் குறிதான். அது தெரியாமலே கோடிக்கணக்கானவர்கள் அந்த விசையை அழுத்துகிறார்கள். பழகிய குறியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ‘சேமி’ என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை. வேலையைச் சொல்வதா, உருவத்தைச் சொல்வதா?

பதில்: உருவத்தை. நான் முன்பு இருந்த குழுவில் இதயப் படத்துக்கு ‘விருப்பம்’ என்று பெயரிட்டிருந்தோம். உடல்நலப் பக்கம் செய்தவர் தமக்கும் இதயம் தேவைப்பட, அதே கோப்பை எடுத்துக்கொண்டார். சில மாதங்களுக்குப் பின் விருப்பப் பட்டியலுக்கு இதயத்துக்குப் பதில் நட்சத்திரம் என்று முடிவாயிற்று. கோப்பை மாற்றினோம். மறுநாள் காலை, நாடித்துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. ‘இதயம்’, ‘நட்சத்திரம்’ என்றே பெயர் வையுங்கள். எது எங்கே எதற்காக வருகிறது என்பதைத் தனிப் பட்டியலில் எழுதி வையுங்கள். உங்களிடம் இருப்பது 60 கோப்புகள்தான், ஒரே மாலையில் மாற்றிவிடலாம்.